‘காட்டுமிராண்டித்தனம்’ என்று எப்போது எழுதலாம்?

பிறர் எழுதியதைத் திருத்துவது என் வேலை. அதில் நான் அடிக்கடி அடித்துவிட்டு வேறு சொல் போடும் இடம் ‘காட்டுமிராண்டித்தனம்’. கோபம் வந்ததும் கை தானாக அந்தச் சொல்லுக்குப் போய்விடுகிறது. கண்ட இடத்திலெல்லாம் போட்டால், உண்மையில் தேவைப்படும்போது அதற்கு உறைப்பு இருக்காது.

இதற்குள் கொடுமையும் உண்டு, அநாகரிகமும் உண்டு. இரண்டும் சேரும் இடத்தில்தான் பொருந்தும். வரிசையில் நிற்பவர்களை இடித்துக்கொண்டு முன்னால் போவது அநாகரிகம், அதோடு சரி. அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று மிதிப்பது காட்டுமிராண்டித்தனம். அதைப் போய் ‘அநாகரிகமான செயல்’ என்று எழுதினால், மிதிபட்டவருக்கு நாமும் அநீதி செய்கிறோம்.

‘கொடுமை’யிலிருந்து பிரிப்பது கொஞ்சம் நுட்பமானது. வெயில் கொடுமை, பசிக் கொடுமை என்கிறோம். அங்கே செய்தவர் என்று யாரும் இல்லை. காட்டுமிராண்டித்தனத்துக்குச் செய்த மனிதர் வேண்டும். புலி மானை அடிப்பதற்கு இந்தச் சொல் ஒட்டாது. அப்புறம், ‘கொடுமைக்கு ஆளானாள்’ என்று அனுபவித்தவர் பக்கம் நின்றும் எழுதலாம். ‘காட்டுமிராண்டித்தனமாகத் தாக்கினார்கள்’ என்றால் பார்வை செய்தவர்மேல் போகிறது. வாக்கியம் யாரைப் பற்றியது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நாகரிகம் என்றால் இன்று உடையும் நகரத்துப் பழக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் திருக்குறளில் அந்தச் சொல் வருவது 580ஆவது குறளில், கண்ணோட்டம் (இரக்கம்) என்ற அதிகாரத்தில். பழகியவர் நஞ்சை ஊற்றுவதைப் பார்த்தும் மறுக்காமல் உண்கிற தாட்சண்யம் அங்கே நாகரிகம் எனப்படுகிறது. அந்தப் பொருளில், சட்டை கசங்காமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சித்திரவதைக்கு உத்தரவிடுபவர் செய்வதும் காட்டுமிராண்டித்தனமே. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் முகவுரையிலேயே மனிதகுலத்தின் மனசாட்சியைக் கொதிக்கவைத்த காட்டுமிராண்டிச் செயல்களைச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுதியது அது. கோப்பும் முத்திரையும் ரயிலும் வைத்திருந்த அரசுகளே அந்தப் போரில் அவற்றைச் செய்தன.

ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சொல்லில் காடு இருக்கிறது என்பதற்காகப் பழங்குடி மக்களையோ, எந்த ஊர்க்காரரையோ, படிக்காதவரையோ இதால் சுட்டினால் அடித்துவிடுவேன். ‘காட்டுமிராண்டி’ என்று ஆளைத் திட்டுவதைவிடச் செயலைச் சொல்வதே முறை.

எழுத்துப்பிழை பார்க்கும்போது, ‘காட்டுமிராண்டித்தனம்’ என்பதன் நடுவில் வரும் ‘த்’ விட்டுப்போகாமல் கவனியுங்கள். ‘நாகரீகம்’ அல்ல, ‘நாகரிகம்’.

‘கும்பல் காட்டுமிராண்டித்தனமாக நடந்துகொண்டது’ என்று மட்டும் ஒருவர் எழுதி அனுப்பினால், என்ன செய்தார்கள் என்று கேட்பேன். ‘கும்பிட்டு மன்னிப்புக் கேட்டவரைக் கட்டிவைத்து அடித்தார்கள்’ என்று பதில் வந்தால், அந்த வரிதான் முதலில் வர வேண்டும். அந்தச் சொல் அதற்குப் பிறகு வரட்டும்.