பழைய ரிசீவரில் பின் ஸ்பீக்கரும் பேச

பிளேஸ்டேஷன் 4-ஐ ஒப்டிக்கல் வயரால் ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஒலிப் பெட்டியில்) நேரடியாகக் குத்துங்கள். அப்புறம் சவுண்ட் செட்டிங்கில் வெளியீட்டை ஒப்டிக்கலுக்கு மாற்றி, டொல்பி டிஜிட்டல் 5.1-ஐ, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஒலியை, தெரிவு செய்து, ஓடியோ ஃபோர்மட்டை லீனியர் பீ.சி.எம்-இலிருந்து (சுருக்காத ஒலி) பிட்ஸ்ட்ரீம் டொல்பிக்குக் கொண்டுவாருங்கள். ஹட்டன், நுவரெலியா பக்கம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய, எச்.டி.எம்.ஐ இல்லாத ரிசீவருக்கும் இது போதும். புதியதற்குக் காசு கொட்டத் தேவையில்லை.

ஒப்டிக்கல் வயரில் பீ.சி.எம் ஒலி இரண்டு சேனல்தான் போகும். பின் ஸ்பீக்கருக்குத் தனியாக எதுவும் வராது. டொல்பி டிஜிட்டல் சுருக்கிய ஒலி என்பதால் 5.1 முழுவதும் அதே வயரில் அடங்கிவிடும், ரிசீவர் அதைப் பிரித்துக் கொடுக்கும். டிவி வழியாகச் சுற்றி எடுக்காதீர்கள், பல டிவிகள் அதை ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும். லயத்து வீடென்றால் சப்வூஃபரைக் கொஞ்சம் குறையுங்கள், அடுத்த காம்பராவும் சேர்ந்து அதிரும்!

பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், பிளேஸ்டேஷன் 5 இரண்டிலும் ஒப்டிக்கல் துளையே இல்லை, அவற்றுக்கு இது சரிவராது. ரிசீவரில் எச்.டி.எம்.ஐ வழியாக ஒலி ஏற்கும் வசதி இருந்தால் பீ.சி.எம்-ஐ மாற்றவே வேண்டாம். அதில் பல சேனல் ஒலி சுருக்காமலே போகும்.