திருகோணமலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

மலையென்று சொல்ல ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு, குன்றும் கடலும் ஒன்றாக அமைந்த திருகோணமலையைப் போல் பொருத்தமான நகரம் வேறில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்; வடகீழ்ப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகச் செல்பவர்கள், நகரை அடைவதற்குச் சில கிலோமீற்றர் முன்னரே கன்னியாவில் இறங்கி, ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டால், பின்னர் அதற்கெனத் திரும்பி வரவேண்டியதில்லை.

சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்துக்கு விடியற்காலையில் ஏறுவதே நல்லது, ஏனெனில் வெயில் ஏறியபின் வெறுங்காலுடன் பாறையில் நடப்பது முதியவர்களுக்குப் பெருந்துன்பம். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து 1624 அளவில் எழுப்பிய கோட்டைக்குள்ளாகவே பாதை செல்கிறது. அங்கே உலவும் புள்ளிமான்களுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்; பொலித்தீன் பைகளையும் அவை விழுங்கிவிடுகின்றன. தரிசனம் முடிந்ததும், செங்குத்தாகக் கடலில் இறங்கும் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவை, தடுப்புக்கு உட்புறமாக நின்று, சிறுவர்களின் கையைப் பிடித்தபடி பாருங்கள்.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் நுழைவுக் கட்டணமும் படகுக் கூலியும் தனித்தனியாக வரும். படகில் ஏறுமுன்பே கூலியைப் பேசி, உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கள். அங்குள்ள முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) உயிருள்ளவை, ஆகையால் நீந்தும்போது அவற்றின்மீது கால் ஊன்றக் கூடாது.