அறக்கட்டளையிடம் ஆய்வுக்குப் பணம் கேட்பது எப்படி?

எழுத உட்காருவதற்கு முன்னால், அந்த அறக்கட்டளை கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தது என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள். நோக்கம், லட்சியம் என்று அவர்கள் எழுதி வைத்திருப்பதைவிட அந்தப் பட்டியல்தான் உண்மையைச் சொல்லும்.

ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஒரு குணம் உண்டு. 1936-ல் மருந்து நிறுவன அதிபர் ஹென்றி வெல்கமின் உயில்படி பிரிட்டனில் தொடங்கிய வெல்கம் டிரஸ்ட், தன் முதலீடுகளில் வரும் வருமானத்திலிருந்து, உடனடிப் பயன் தெரியாத அடிப்படை ஆய்வுகளுக்கும் கொடுக்கிறது. அமெரிக்காவில் 1938-ல் போலியோவுக்காகவே தொடங்கிய அமைப்போ, பொதுமக்கள் பத்து சென்ட் நாணயங்களாக அனுப்பிய பணத்தை வைத்தே ஜோனாஸ் சால்க் என்ற விஞ்ஞானியின் போலியோ தடுப்பூசி ஆய்வைத் தாங்கிப் பிடித்தது. 1955-ல் தடுப்பூசி வந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும் விஷயம் இது.

சரி, பட்ஜெட். பலர் சறுக்குவது இங்கேதான். பெரிய கருவிகளின் விலையை மட்டும் எழுதிவிட்டு, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரின் பஸ் கட்டணத்தையும், ரத்த மாதிரி கொண்டுவரும் குளிர்பெட்டியையும், அதில் வைக்கும் ஐஸ் பைகளையும் மறந்துவிடுவார்கள், அப்புறம் பாதி வழியில் வேலை நிற்கும். வாடகை, மின்சாரம், கணக்காளர் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுக்குப் பல அறக்கட்டளைகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, அதை முதலிலேயே பாருங்கள்.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வு என்றால், பங்கேற்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், கால அட்டவணையில் இடம் விடுங்கள்.

சமூக சுகாதாரத் திட்டமா? அந்த மக்களிடம் முதலில் பேசிவிட்டு, அவர்கள் கேட்டதை அவர்கள் சொன்னபடியே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.