வட்டார வானியல் குழுவில் விருந்தினர் உரை: முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

தொலைநோக்கி வைத்திருக்கும் ஓரிருவர், ஆர்வமுள்ள பிள்ளைகள், ஒரு வாட்ஸ்அப் குழு. சிங்கப்பூரில் ஒரு வட்டார வானியல் குழு நடத்த இவ்வளவு போதும். அதில் வெளியிலிருந்து ஒருவரை அழைத்துத் தமிழில் பேசவைத்தால், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்கத் தொடங்குவார்கள். எங்கள் குழுவில் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: முதலில் தலைப்பு, அப்புறம் பேச்சாளர்

"யாரைக் கூப்பிடலாம்?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். "அந்த மாதம் இங்கிருந்து என்ன தெரியும்?" என்று தொடங்குங்கள். உரையில் கேட்டதை அன்று இரவே கண்ணால் பார்க்க முடிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மனத்தில் நிற்பது அதுதான்.

நமக்கு ஒரு நல்ல வசதி உண்டு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு டிகிரிக்குச் சற்று மேல் இருப்பதால் வடவானம், தென்வானம் இரண்டும் கிடைக்கின்றன. துருவ நட்சத்திரம் மட்டும் அடிவானத்தோடு ஒட்டி மறைந்துவிடும். நகர வெளிச்சத்தில் பால்வீதியும் தெரியாது. நிலா, கோள்கள், பிரகாசமான இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றை அந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாது. தலைப்பை அங்கிருந்து எடுங்கள்.

ஜூன் கடைசி, ஜூலை என்றால் என் தேர்வு இரட்டை விண்மீன்கள். இரவு 9 மணி வாக்கில் தெற்கே ஆல்ஃபா சென்டாரி நிற்கும். வெறும் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி. சிறிய தொலைநோக்கியிலேயே இரண்டாகப் பிரியும். சுமார் 4.4 ஒளியாண்டு தொலைவு என்பதால், இன்று கண்ணில் படும் ஒளி நாலரை ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. அப்படியே வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம். அதன் வாலில் நடுவிலிருக்கும் வசிட்டரை ஒட்டி, மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தவர்களில் பலர் நிஜத்தில் அதைப் பார்த்ததே இல்லை. பகல் முகூர்த்தத்தில் எங்கே தெரியும்! பைனாகுலரில் அதைக் காட்டும்போது பெரியவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இந்தத் தலைப்பை வைக்கலாம்.

படி 2: தேதி குறிப்பது

வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியில் வளர்பிறை அஷ்டமியைத் தேடி, அதை ஒட்டிவரும் வெள்ளி அல்லது சனியைப் பிடியுங்கள். அன்று மாலை நிலா நன்றாக மேலே இருக்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து தெரியும். பௌர்ணமியில் நிழல் இல்லாததால் எல்லாம் தட்டையாகிவிடும். இங்கு ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. ஆகவே 7.30க்கு உரை, 8.30க்கு வெளியே என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 3: பேச்சாளரைத் தேடுவது

பெரிய பெயர் தேவையில்லை. பல்கலைக்கழக ஆய்வு மாணவர், தொடக்கக் கல்லூரி இயற்பியல் ஆசிரியர், வானத்தைப் படமெடுப்பவர் என்று யாராக இருந்தாலும் சரி, கேள்வியை ரசிக்கிறவராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஸூம் வழியாக அழைக்கலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. காவலூர் ஆய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. அங்கு வேலை பார்த்தவர்களிடம் சொல்ல எவ்வளவோ உண்டு. நமக்கு இரவு 8 என்றால் அங்கே மாலை 5.30. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் காலையில் கடந்து, பிற்பகல் 1.20 வாக்கில் சிங்கப்பூருக்கு வந்தது. இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே மாலையில் பேசவைக்க அருமையான தலைப்பு.

படி 4: அழைப்புக் கடிதம்

சுருக்கமாக, ஆனால் விவரம் விடாமல் எழுதுங்கள். இப்படி:

"வணக்கம் ஐயா. எங்கள் வானியல் குழுவில் ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, இரட்டை விண்மீன்கள் பற்றி 40 நிமிடம் தமிழில் பேச இயலுமா? 30 பேர் வரை வருவார்கள், பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். கணிதம் வேண்டியதில்லை. உரைக்குப் பின் தொலைநோக்கியில் பார்ப்போம். தாங்களும் உடனிருந்தால் மகிழ்வோம். போக்குவரத்துச் செலவை நாங்கள் ஏற்கிறோம்."

யார் கேட்கப்போகிறார்கள் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேச்சாளர் தயாரிப்பது அதை வைத்துத்தான்.

படி 5: இடம்

சமூக மன்ற அறை போதும். வட்டாரத்து இந்திய நற்பணிச் செயற்குழுவிடம் கேட்டுப் பாருங்கள், வழி சொல்வார்கள். தொலைநோக்கி வைக்கக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளம் வசதி, முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். புரொஜெக்டரைப் பேச்சாளரின் மடிக்கணினியோடு இணைத்துச் சோதிப்பது கூட்டம் வருவதற்கு முன்பே முடிந்திருக்கட்டும். படங்களுக்குக் கறுப்புப் பின்னணி வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். வெள்ளைத் திரையை முறைத்துப் பார்த்துவிட்டு வெளியே போனால் அருந்ததி எப்படித் தெரியும்?

படி 6: மேகம் வந்தால்

கண்டிப்பாக ஒரு நாள் வரும், அதிலும் டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில். அறையிலேயே தொலைநோக்கியைப் பிரித்துக் காட்டுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் அன்றைய வானத்தைத் திரையில் ஓட்டுங்கள். பேச்சாளரிடம் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

படி 7: கேள்வி நேரம்

நுழையும்போதே எல்லோருக்கும் ஒரு சீட்டும் பென்சிலும் கொடுங்கள். கூச்சப்படும் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், அவற்றை முதலில் வாசியுங்கள். ஒரே பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டால் நெறியாளர் தயங்காமல் மரியாதையாக வாங்கிவிட வேண்டும். நேரமில்லாமல் மிஞ்சிய சீட்டுகளை, மறுநாள் நன்றிச் செய்தியோடு பேச்சாளருக்கு அனுப்புங்கள். பதில் வந்ததும், எந்தப் பிள்ளை கேட்டதோ அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் குழுவில் போடுங்கள்.