சென்ட் விலை மட்டும் பார்த்தால் போதுமா? இடம், வீடு கணக்கில் நடக்கும் தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட்டுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தபந்தம் வைத்திருப்பவர்கள் நாம். இடம் வாங்கும் பேச்சு வந்தாலே, "பொள்ளாச்சிப் பக்கம் சென்ட் நாலு லட்சம் சொல்றாங்க, கொழிஞ்சாம்பாறையில மூணுக்கு முடியும்" என்று ஒப்பிட்டு அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் செலவு போகிற போக்கை முடிவு செய்வது ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், எழுதும் தொகையும், வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் இருக்கும் எழுத்தும்தான்.

பதிவுச் செலவு கேரளத்தில் 10 சதவீதம்: முத்திரைத்தாள் 8, பதிவுக் கட்டணம் 2. தமிழ்நாட்டில் 9. அங்கே 11 என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் 2023 ஏப்ரலுக்கு முந்தைய கணக்கில் நிற்கிறார்கள். பதிவுக் கட்டணத்தை அப்போது 4-இலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். கையோடு, அரசு குறிக்கும் நில மதிப்பான வழிகாட்டி மதிப்பை ஏற்றியும் விட்டார்கள். 10 லட்சம் வரையான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் இன்னும் 1 சதவீதம் குறையும்.

கேரளத்தில் அரசு குறிக்கும் நில மதிப்புக்கு நியாய விலை என்று பெயர். அதில் வேறொரு தடுமாற்றம் உண்டு. நாம் சென்ட்டில் பேசுகிறோம், அரசு ஆர் கணக்கில் போடுகிறது. ஒரு ஆர் என்பது 2.47 சென்ட். ஆருக்கு 2 லட்சம் என்றிருந்தால் சென்ட்டுக்குச் சுமார் 81,000தான். 2010-இல் அறிவித்த மதிப்பைப் பிறகு பலமுறை உயர்த்தியிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் மட்டும் 20 சதவீதம். யாரோ எப்போதோ குறித்துக் கொடுத்த எண்ணை நம்பிப் பணம் எடுத்துக்கொண்டு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போனால் பற்றாது.

இனி, எல்லோரும் புத்திசாலித்தனம் என்று நினைக்கும் தவறு. பத்து சென்ட் வீட்டு மனை, பேசிய விலை 30 லட்சம். நியாய விலைப்படி 8.1 லட்சம். "நியாய விலைக்கே எழுதிக்கலாம், மிச்சத்தைக் கையில கொடுங்க" என்பார் விற்பவர். பதிவுச் செலவு 3 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 81,000. மிச்சம் 2 லட்சத்து 19 ஆயிரம் என்று தோன்றும். சில வருஷம் கழித்து இதே மனையை விற்கும்போது வாங்குபவர் பேங்க் லோனில் வருவார், முழு விலையையும் எழுதச் சொல்வார். அப்போது நீங்கள் வாங்கிய விலையாகக் காட்ட முடிவது பதிவுச் செலவோடு சேர்த்து 8.91 லட்சம்தான். நேர்மையாக எழுதியிருந்தால் 33 லட்சம் காட்டியிருக்கலாம். இடையில் உள்ள 24 லட்சமும் லாபமாகி, 12.5 சதவீத மூலதன ஆதாய வரியில் 3 லட்சம் கூடுதலாகப் போகும். செஸ் தனி. போதாததற்கு, இடத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தடை. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஆதாரம் எழுதுபவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், அவர் வேலை அது இல்லை.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மலிவாக இடம் வருகிறதென்றால் கரம் ரசீதை (நில வரி ரசீதை) வாங்கிப் பாருங்கள். தென்னை நின்றாலும் ரெக்கார்டில் 'நிலம்' என்றிருந்தால் அது வயல்தான். வீடு கட்ட பஞ்சாயத்து பெர்மிட் கிடைக்காது. 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் தரம் மாற்ற வேண்டும். நெல்வயல்களின் பட்டியலான டேட்டா பேங்கில் ஏறிய இடமானால் ஃபார்ம் 5 கொடுத்து அதிலிருந்து எடுப்பதே தனிப் படலம். அதற்கு மாதக்கணக்கில் நடக்க நேரும். அதுவரை போட்ட பணத்துக்கு வட்டி ஓடும். என்னைக் கேட்டால், ரெக்கார்டில் 'புரயிடம்' (வயல் அல்லாத மேட்டு நிலம்) என்றிருக்கும் இடத்துக்குச் சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதே லாபம்.

லோன் கணக்கிலும் ஓட்டை விழும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் பேங்க் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரும். முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளை அந்த மதிப்பில் சேர்க்காது. ஆக 20 சதவீதமும் பதிவுச் செலவும் கைக்காசு. புரோக்கர் கமிஷன், வக்கீலின் லீகல் ஒப்பீனியன், 'போக்குவரவு' எனும் பெயர் மாற்றம் எல்லாம் சின்னச் செலவுகள், ஆனால் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

விற்பவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிறாரா? உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கும்போது விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் 1 சதவீத வரி (டிடிஎஸ்) இங்கே செல்லாது. வெளிநாட்டில் குடியிருப்பவருக்குப் பிடித்தம் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை கேட்பது வாங்கிய உங்களிடம்.

வாடகைக்கு விடுபவர்கள் மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். 60 லட்சம் பெறும் வீட்டுக்கு 15,000 வாடகை என்றால் வருஷத்துக்கு 1.8 லட்சம், அதாவது 3 சதவீதம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 15,000 போச்சு. பெயிண்டுக்கு வருஷத்துக்கு 10,000 ஒதுக்கி, வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், பிளம்பர் என்று 15,000 போட்டால் கையில் 1.4 லட்சம். அது 2.33 சதவீதம்! வருமான வரியில் 30 சதவீதம் நிலைக் கழிவு உண்டு. பெயிண்ட் பில்லைத் தனியாகக் காட்ட முடியாது. கேரளத்தில் 278.7 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய வீடுகளுக்கு வருஷா வருஷம் ஆடம்பர வரி என்று நாம் சொல்லும் வரியும் இருக்கிறது. வளைகுடாப் பணத்தில் மாடி மேல் மாடி எழுப்பியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குடித்தனக்காரர் கொடுக்கும் அட்வான்ஸ் தொகையை வருமானத்தில் சேர்க்காதீர்கள். அதை எடுத்துப் பெயிண்ட் அடித்துவிட்டு, குடித்தனக்காரர் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யும்போது கைமாற்று தேடுபவர்கள் நிறைய. எஃப்டியில் போட்டு வைத்தால் அந்த அலைச்சல் இல்லை.