சத்தம் போன பழைய ஸ்டீரியோ செட்: மூடியைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பெரியப்பா 1979-ல் சவுதியில் இருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ ரிசீவர், கடையநல்லூர் வீட்டில் ஒன்பது வருஷம் பேசாமல் கிடந்தது. டயல் விளக்கு எரியும், சத்தம் மட்டும் வராது. பார்த்த மெக்கானிக் ஐசி போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். "ஏல, இரும்புக்கடைக்காரன் வந்தா போட்டுருவோம், இடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கு" என்று பெரியப்பா சொன்ன அன்றுதான் நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். முன்பக்கத்தில் 'டேப் மானிட்டர்' என்ற பொத்தான் அமுங்கி இருந்தது. அதை வெளியே எடுத்ததும் திருநெல்வேலி வானொலியில் செய்தி பாதியிலிருந்து கேட்டது. அந்தச் செட்டில் அவ்வளவுதான் கோளாறு.

எல்லாச் செட்டும் இப்படிப் பிழைக்காது. ஆனால் பழைய செட்டுகளில் பெரும்பாலும் போவது சுவிட்சும் இணைப்பும் தொடுமுனையும்தான். அதனால் வெளியிலிருந்து உள்ளே, ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் கடைசியில்தான்.

1. பிளக் போடும் முன்: பின்பக்கத்து வோல்டேஜ்

பரணில் இருந்து இறக்கியதும் பிளக்கைச் சொருகாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். சவுதியில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் 127 வோல்ட்தான். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. வளைகுடாவுக்கு வந்த செட்டுகள் பலவற்றில் பின்பக்கம் ஒரு வோல்டேஜ் செலக்டர் இருக்கும். வட்டமாக, நாணயத்தால் திருப்புகிற மாதிரி. அது 110 அல்லது 120-ல் நின்றால் 240-க்கு மாற்றுங்கள். 220, 240 இரண்டும் இருந்தால் 240-தான் நல்லது. இரவில் நம் லைன் ஏறும்போது அது தாங்கும்.

செலக்டரே இல்லை, பின்பக்கம் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கிறதா? டயலில் எஃப்எம் 76-ல் தொடங்கி 90-ல் முடிகிறதா? அது ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த செட். நேரே நம் பிளக்கில் போட்டால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் போட வேண்டும். நம் எஃப்எம் 88 முதல் 108 வரை என்பதால், அதில் ஸ்டேஷன் பிடிக்காததைக் கோளாறு என்று நினைத்து அலையாதீர்கள்.

2. முன்பக்கத்துப் பொத்தான்கள்

டேப் மானிட்டர் அமுங்கியிருந்தால், பின்னால் மாட்டிய டேப் டெக்கில் இருந்து வருவதை மட்டும்தான் செட் ஸ்பீக்கருக்கு அனுப்பும். டெக் இல்லை என்றால் முழு அமைதி. ரேடியோ, கிராமபோன், எதைத் திருப்பினாலும் இதே கதைதான். துடைக்கும்போது கை பட்டு அமுங்கிவிடும், யாருக்கும் தெரியாது. சில செட்டில் டேப் 1, டேப் 2 என்று இரண்டு இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

அடுத்து ஸ்பீக்கர் சுவிட்ச். ஏ, பி, ஆஃப் என்று இருக்கும். ஒயர் ஏ-யில் மாட்டியிருக்க, சுவிட்ச் பி-யில் நின்றால் சத்தம் வராது.

'எஃப்எம் மியூட்டிங்' போட்டிருந்தால் சிக்னல் பலவீனமான ஸ்டேஷனை அது அடைத்துவிடும். ஸ்டேஷனுக்குத் தூரத்தில் இருக்கும் கிராமங்களில் இதை அணைத்துவிட்டு, ஏரியல் இடத்தில் முக்கால் மீட்டர் ஒயர் ஒன்றைச் சொருகிப் பாருங்கள்.

இனி பின்பக்கம். 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று எழுதிய துளைகளுக்கு நடுவே ப வடிவக் கம்பி இரண்டு இருக்கிறதா? செட்டின் முன்பாதியையும் பவர் பாதியையும் இணைப்பதே அவைதான். சில செட்டில் கம்பிக்குப் பதிலாக ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கம்பி தொலைந்துபோன செட் எல்லா விளக்கும் எரிந்தும் ஊமையாக நிற்கும். ஒரு சின்ன ஆர்சிஏ ஒயர் (டேப் டெக் மாட்டுகிற வகை ஒயர்) ஜோடியை அங்கே மாட்டினால் போதும்.

போனில் இருந்து பாட்டு கொடுத்துச் சோதிப்பதானால் 'ஆக்ஸ்' துளையில் கொடுங்கள். 'ஃபோனோ'வில் கொடுத்தால் கரகரவென்று கத்தும். அது கிராமபோன் ஊசியின் மிக மெல்லிய சிக்னலுக்காகச் செய்தது.

3. ஊமை எந்தப் பாதியில்?

எஃப்எம்மில் டியூன் செய்யும்போது சிக்னல் மீட்டரின் முள் ஆடுகிறதா? ஆடினால் ரேடியோ பகுதி உயிரோடு இருக்கிறது, கோளாறு அதற்குப் பின்னால். ஆக்ஸில் பாட்டு வந்து ரேடியோ மட்டும் வரவில்லை என்றால் ரேடியோ பகுதியைத்தான் பார்க்க வேண்டும். ஹெட்போனில் கேட்டு ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் நன்றாக இருக்கிறது. பிரச்சினை ஸ்பீக்கர் சுவிட்ச், ஒயர், ஸ்பீக்கர், சில செட்டில் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச், இவற்றுக்குள்தான்.

ஸ்பீக்கரைச் சோதிக்க அதன் ஒயரைச் செட்டில் இருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டொப்' என்று கேட்டால் உயிர் இருக்கிறது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டும். அது சரிதான். ஒயர் நுனியில் ஒரு இழை பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் செட் தன்னைக் காத்துக்கொள்ள அடைத்துவிடும், அதையும் பாருங்கள்.

4. 'டிக்' சத்தம்

பவர் போட்டுச் சில நொடிகளில் உள்ளே 'டிக்' என்று ஒரு ஒலி வரும். அதுதான் ரிலே. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பார்த்தபிறகு ஸ்பீக்கரை இணைக்கும். ரிலே உள்ள செட்டில் 'டிக்' வரவே இல்லை என்றால் ஸ்பீக்கர் ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது வந்தால் கோளாறு வெளியில். அப்போதும் வரவில்லை என்றால் உள்ளே ஏதோ பழுது, செட் ஸ்பீக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ரிலேயை ஒயர் போட்டுத் தாண்டிவிடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் எரிந்துவிடும்.

'டிக்' வருகிறது, மெல்ல வைத்தால் ஒரு பக்கம் சத்தம் இல்லை, வால்யூமைத் தூக்கினால் பட்டென்று வருகிறது என்றால் ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கிறது.

5. கறுப்பும் தூசியும்

நம் பக்கத்துச் செட்டுகளுக்கு இதுதான் பெரிய நோய். தென்காசியில் சாரல் மாதங்களில் ஈரம், உவரிப் பக்கம் உப்புக் காற்று. சுவிட்சுக்குள் இருக்கும் தகடுகள் கறுத்துப்போகும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சுவிட்சையும் குமிழையும் முப்பது தடவை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். இதிலேயே போன சத்தம் திரும்பிவந்த செட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, குமிழின் பின்னால் இருக்கும் துளைக்குள் ஒரு சொட்டு அடித்து மறுபடி திருப்புங்கள் (அதற்கு மூடியைத் திறக்கும் முன் 6-ஐப் படியுங்கள்). கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம். அது படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

6. திறந்தே ஆகவேண்டும் என்றால்

கிளீனர் அடிக்க மூடியைத் திறந்தாலும் இனிச் சொல்லும் எச்சரிக்கைதான். பிளக்கைக் கழற்றியபிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் நிற்கும். மீட்டர் வைத்து இரண்டு முனைக்கும் நடுவே பாருங்கள், 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை கையை வைக்காதீர்கள். ஸ்குரூ டிரைவரால் முனைகளைத் தட்டி இறக்குவது ஆபத்து.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ். சிகரெட் தாளோ செம்புக் கம்பியோ வைத்தால் அடுத்தது டிரான்ஸ்பார்மர் போகும். புது ஃபியூஸ் போட்டதும் நேரே கரண்ட் கொடுக்காமல் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக (மின்சாரம் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி) வைத்துக் கொடுங்கள். பல்பு முதலில் பிரகாசித்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

சத்தம் வந்ததும் நல்ல ஸ்பீக்கரை மாட்டும் முன் ஒரு அளவு. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்றால் மாட்டவே கூடாது.

இதற்கு மேல் நல்ல மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். இதுவரை பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: 'டிக்' வருகிறதா, முள் ஆடுகிறதா, எந்தப் பக்கம் ஊமை. அவருக்குப் பாதி வேலை மிச்சம். ஆம்ப்பில் இருக்கும் எஸ்டிகே வகை ஐசி மாற்ற வேண்டும் என்றால் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். சந்தையில் போலி நிறைய. கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.