கட்டற்ற சந்தை நிஜத்தில் உண்டா? பசுந்தேயிலையை வைத்துச் சோதிப்பது எப்படி

அரசு தலையிடாமல் இருந்தாலே போதும், விலை தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது வாதம் செய்தால் கொள்கைச் சண்டையில் இறங்காதீர்கள், நேரம்தான் வீண். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது கைமாறும் இடமெல்லாம் கூடவே போய்ப் பாருங்கள். நீலகிரிக்காரர்களுக்குத் தேயிலையை விட்டால் வேறென்ன? கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவரின் இலையையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், விற்பவரால் "இந்த விலைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். இது ஒன்றுதான் உண்மையான சோதனை, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பறித்த கொழுந்து சாக்கில் அடைந்து கிடந்தால் சில மணி நேரத்தில் சூடேறிச் சிவக்க ஆரம்பித்துவிடும், அதனால் அன்றைக்கே பாக்டரிக்குப் போயாக வேண்டும். சாயங்காலம் சாக்குக்குள் கையை விட்டால் நடுவில் இருக்கும் இலை வெதுவெதுப்பாக இருக்கும். பேரம் பேசும் வலு அந்தச் சூட்டிலேயே போய்விடுகிறது. இலை வாங்கும் ஏஜென்டிடம் உரத்துக்கோ கல்யாணத்துக்கோ முன்பணம் வாங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். கேரட் போட்டவருக்குக் கொஞ்சம் பரவாயில்லை, சில நாள் மண்ணிலேயே விட்டுவைக்கலாம், ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறங்கிவிட்டால் திருப்பி மலையேற்ற லாரி வாடகையை யார் கொடுப்பது?

அடுத்து, யாருக்கு என்ன தெரியும். இலையை இன்றைக்குக் கொடுத்துவிட்டு விலையைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார் விவசாயி. தேயிலைத் தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பது பாக்டரிக்குத் தெரியும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2003-இல் வந்த தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையில், தூள் விற்ற விலையை விவசாயியும் பாக்டரியும் பங்கு போட்டுக்கொள்ளும் விலைப் பகிர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலை விலை அறிவிப்பது அதன்படிதான். கிடைக்கும் விலை கட்டுப்படியாகிறதா என்று கேட்டால் ஊரே சிரிக்கும், அது வேறு விஷயம்.

அப்புறம், மனதுக்குள் அரசை முழுசாக எடுத்துவிட்டுப் பாருங்கள். தராசுக்கு முத்திரை கிடையாது, தோட்டத்துக்குப் பட்டா கிடையாது, பாக்கி வைத்தால் போய் நிற்க ஒரு கோர்ட்டும் கிடையாது. யார் இலை கொடுப்பார்கள்?

பழைய கதையையும் கொஞ்சம் கிளறுங்கள். சோவியத் காலத்தில் நல்ல விலை இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதற்குப் பின்னால் இருந்தது இரண்டு அரசுகள் டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்கு முடித்துக்கொண்ட ரூபாய் வர்த்தகம். 1991-இல் சோவியத் உடைந்ததும் அந்த வாங்கும் கையும் தளர்ந்தது. டான்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களுக்கு ஆள் வந்ததும் சந்தையின் வழியாக இல்லை, 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தின் வழியாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் அவர்கள்.

இதைச் சொன்னதும், அப்படியானால் எல்லா விலையையும் அரசே வைக்கட்டும் என்று பக்கத்தில் ஒருவர் எழுந்து நிற்பார், அவரையும் விடாதீர்கள். எந்த விதி யாருக்குக் கை கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உழவர் சந்தையில் விலையை அதிகாரிகள்தான் எழுதிப் போடுகிறார்கள், ஆனால் கமிஷனும் இல்லை, கடை வாடகையும் இல்லை, அதனால் ஊட்டி விவசாயிக்கு மண்டியை விட்டால் இன்னொரு வழி இருக்கிறது. அதே அரசு, காகிதத்தில் ஒரு விலையை அறிவித்துவிட்டுக் கண்காணிக்காமல் விட்டால் அதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

கடைசியில் எதிராளி கட்டற்ற சந்தைக்கு உதாரணமாக ஹாங்காங்கை இழுப்பார், எப்போதும் இழுப்பார்கள். பெரும்பாலான பொருள்களுக்கு அங்கே இறக்குமதி வரி இல்லை என்பது நிஜம், ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டுவிட்டு, அங்கே நிலம் யாருடையது என்று மட்டும் கேளுங்கள்: கிட்டத்தட்ட மொத்தமும் அரசுடையது, மற்றவர்களுக்குக் கிடைப்பது குத்தகைதான், மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் குடியிருப்பதும் அரசு வீட்டுவசதித் திட்டங்களில்.